பதினெட்டு பிக்சல்

ஒரு பெயருக்குப் பதினெட்டு பிக்சல் உயரம்.
அதற்குள் ஒரு பச்சைப் புள்ளி, ஒரு மனிதர்.
இருபத்திரண்டு கொடுத்துப் பார்த்தாள் அவ்ஸ்மா;
நல்ல காற்றோட்டம்,
ஆனால் பாதி உறவு திரைக்குக் கீழே போய்விட்டது.

ரீகாவில் பிப்ரவரி. ஜன்னலுக்கு வெளியே
டிராம் கம்பியிலிருந்து பனி கொட்டுகிறது.
சோதித்துப் பார்க்க வந்திருப்பவர் குனார்ஸ்,
டிராம் பணிமனையில் கணக்கு எழுதுபவர்.
நாற்காலி நுனியில் உட்கார்ந்து
இரண்டே விரலால் தட்டுகிறார்.

"தங்கைக்கு ஏதாவது அனுப்புங்களேன்."
வெல்தா. அம்புக்குறி அவள் பெயர்மேல் இறங்குகிற
அந்த அரை நொடியில்
எங்கோ உகிஸ் என்பவன் கணினியைத் திறக்கிறான்.
பட்டியலில் ஒரு வரி முளைக்கிறது.
கீழே இருப்பவர்கள் இன்னும் ஒரு படி கீழே.

வெல்தா இருந்த இடத்தில் இப்போது வால்திஸ்.
நான்கு வருடமாகப் பேச்சில்லாத வால்திஸ்,
நீக்கவும் மனம் வராத வால்திஸ்.
"இன்று பீட்ரூட் சூப். சாப்பிட வந்துவிடு."
போய்விட்டது.

குனார்ஸுக்குக் காதெல்லாம் சிவந்தது.
"திரும்ப எடுக்க ஒரு பொத்தான்?"
இல்லை. அவள் இன்னும் வரையவில்லை.

குட்டிப் பென்சில் ஒன்று அசைகிறது:
வால்திஸ் எழுதிக்கொண்டிருக்கிறார்.
நின்றது. அசைந்தது. வெகுநேரம் நின்றது.
"எத்தனை மணிக்கு?"

அன்றிரவு அவ்ஸ்மா பிழையைத் திருத்தினாள்:
மேலே ஒரு கை இருக்கும்வரை
பட்டியல் அசையக் கூடாது,
புதிதாக வருகிறவர் வாசலில் நிற்கட்டும்.
பத்து முறை சோதித்தாள்.
பத்து முறையும்
வெல்தாவுக்கே போனது.