மூன்று மடங்கு வேகம்

வந்த அன்றைக்கே சிகப்பி கேட்டாள்:
"உங்களுக்கு யாரு வாசிச்சுக் காட்டுவாக?"
யாருமில்லை, கம்ப்யூட்டர்தான் என்றேன்.
"அது வெளியே சொல்லாதுல்ல?"
சிரித்தேன்.
வக்கீல் சிரித்தால்
பதில் கிடைத்துவிட்டதாகக் கட்சிக்காரர் எழுந்துவிடுகிறார்.

தேவகோட்டையில் என் ஆபீஸ்
பதினாறு பங்காளிகள் பேசித் தீராத வீட்டின்
முன்கட்டு அறை.
வாடகையைப் பதினாறாகப் பிரித்து அனுப்புகிறேன்.
முட்டை வெள்ளை பூசிய சுவர்.
தடவினால் வழுவழுவென்று குளிரும்,
எதையும் உள்ளே இழுத்துக்கொள்ளாது, ஒலியையும்.
இங்கே தும்மினால்
இரண்டாம் கட்டில் யாரோ "நூறு" என்பார்கள்.

என் இயர்போன் செத்து இரண்டு வருடம்.
காரைக்குடி போகும்போதெல்லாம் மறந்தேன்.
ஸ்பீக்கர் போதும், பயமில்லை:
மூன்று மடங்கு வேகத்தில் ஓடும் என் திரைவாசிப்பான்.
உங்கள் காதுக்கு அது
தகரத்தில் கொட்டிய கேழ்வரகு.
எனக்கு வாக்கியம், கமா, கையெழுத்திட்ட தேதி.
வேகம்தான் என் பூட்டு என்று
பார் அசோசியேஷன் கூட்டத்தில் பீற்றியிருக்கிறேன்.
கை தட்டினார்கள்.

சிகப்பியின் மனுவும் அப்படித்தான் ஓடியது.
பத்தி ஏழு. பத்தி எட்டு.
பத்தி எட்டில் என்ன என்று இங்கே எழுதமாட்டேன்.
கவிதைதான், ஆனாலும் நான் வக்கீல்.
சிகப்பி என்பதும் அவள் பெயரில்லை.

செவ்வாய்க்கிழமை
பாண்டிச்செல்வம் டீ வைத்தான், போகவில்லை.
மூன்று வருடமாக எனக்கு ஸ்டாம்பு ஒட்டுகிறவன்.
"பாவம்க்கா அவுக.
அம்புட்டுத் தூரம் தனியாவா போனாக?"
எந்த ஊர் என்றும் சொன்னான்.
அந்த ஊர் பத்தி எட்டைத் தவிர எங்கேயும் இல்லை.

ஃபேன் சுற்றுவது மட்டும் கேட்டது.

"கேட்டுக் கேட்டுப் பழகிருச்சுக்கா.
மொத வருஷம் ஒண்ணும் புரியல.
இப்ப முழுசா வெளங்குது."
தப்புச் செய்தவன் குரல் இல்லை அது,
பரீட்சையில் தேறியவன் குரல்.
யாரிடமும் சொல்லவில்லை என்றான்.
நம்புகிறேன்.
ஆனால் சிகப்பி அதைக் கொடுத்தது என்னிடம்,
அவனுடைய நல்ல குணத்திடம் இல்லை.
அவன் அம்மா பாத்திரம் தேய்ப்பது
அவள் வீட்டில்.

அன்றிரவு ஃபோனையும் சந்தேகித்தேன்.
காகிதத்தைப் படம் பிடித்துப் படித்துச் சொல்கிறதே,
அந்தப் படம் எங்கே போகிறது?
நாற்பத்தொரு பக்க நிபந்தனைகளைக் கேட்டு முடித்தேன்.
பத்தொன்பதாம் பக்கத்தில்
"சேவையை மேம்படுத்தும் பொருட்டு."
யாருக்குச் செய்கிற சேவை?
சிகப்பியின் மாமனார் எழுதிய கடிதம் ஒன்று
ஏற்கெனவே கடல் தாண்டிவிட்டது.
இந்த ஊருக்குக் கடல் தாண்டுவது புதிதில்லை.
ஆனால் போனவர்கள்
சொல்லிக்கொண்டு போனார்கள்.

காலையில் முதல் பஸ், காரைக்குடி.
இயர்போன் இரண்டு, ஒன்று செத்தால் ஒன்று.
நெட் இல்லாமல் படிக்கிற செயலி ஒன்றையும் பிடித்தேன்.
மெதுவாகத்தான் படிக்கிறது,
வழக்கை வளக்கு என்கிறது.
இருக்கட்டும்.
பெயர்களை மட்டும் தாளில் குத்திவைக்கிறேன்.
கோயில் வரிக்குக் குடும்பத்தைப்
புள்ளி என்று எண்ணுகிறவர்கள் அவள் ஆட்கள்.
பிரிந்து வந்தால் அவள்
முழுப்புள்ளியா அரைப்புள்ளியா என்று ஊர் கேட்கும்.
என் அலமாரியில் அவள் முழுக்கப் புள்ளிகள்,
விரல் வைத்தால் மட்டும் பேசுகிறவை.

இதெல்லாம் சுலபம்.
அவளிடம் சொல்ல வேண்டியிருந்தது.

மதியம் கூப்பிட்டேன்.
சட்டத் தமிழில் தொடங்கி,
பாதியில் அது உதவாமல்,
நடந்ததை நடந்தபடி சொன்னேன்.
ஸ்பீக்கர் என் தப்பு என்றேன்.
சிரித்ததும்.

வெகு நேரம் கழித்து, குரலைத் தணித்து,
"அவன் ஆத்தாளுக்குத் தெரியுமா?"
இல்லை என்கிறான்.

அவள் ஒன்றும் சொல்லவில்லை.
அவளுக்குப் பின்னால், முற்றத்துப் பக்கம்,
பாத்திரம் தேய்க்கும் சத்தம்
சற்று நின்றது.
பிறகு மறுபடி தொடங்கியது.