மடித்தவள்

ஆறு குடைகளையும் மடித்தது நான்தான்.
மீனம்பாக்கம் ஆபீஸில் ஒவ்வொரு அட்டையாய்க் காட்டிக்
கையெழுத்து யாருதென்று கேட்டார்கள்.
என்னுதுதான் சார்.

பத்தாயிரம் அடியில் குதிக்க வேண்டியது.
முந்நூறில் எஞ்சின் நின்றுவிட்டது.
கேளம்பாக்கம் உப்பளத்தில்
முழங்கால் தண்ணீர்.
ஆறு பேர், பைலட்டோடு சேர்த்து.

கதவோரம் உட்கார்ந்த பையன் இளம்பரிதி,
கொளத்தூர், பேங்க் வேலை,
இரண்டாவது குதி.
ஏறும்முன் கேட்டான்:
"அக்கா, விரியுமில்ல?"
"விரியாட்டி எங்கிட்ட வா,
காசைத் திருப்பித் தரேன்."
எல்லோரிடமும் சொல்கிற ஜோக்.
அவன்தான் சத்தமாய்ச் சிரித்தான்.

சோதனைக்கு அவன் குடையை
ஹாலில் வைத்து இழுத்தார்கள்.
ஒரு கயிறு சிக்கவில்லை.
மஞ்சள் துணி சரசரவென்று வந்து
ஃபேன் காற்றில் உப்பி
நாற்காலிகளை, ஃபைல்களை,
பியூன் வைத்துப்போன டீயை
மூடியது.
பை ஓரத்திலிருந்து
கொஞ்சம் உப்பு உதிர்ந்தது.

"உங்க மேல தப்பில்லம்மா"
எழுதிக்கொண்டே சொன்னார் அதிகாரி.

தரையில் மண்டியிட்டேன்.
நடுத்தையலைப் பிடித்து
காற்றை வெளியே தள்ளித் தள்ளி
மடிக்கத் தொடங்கினேன்.

யாரும் வேண்டாமென்று சொல்லவில்லை.