ஒரு யூரோ இருபது

நால்வருக்கும் ஒரே நாளில் விடுப்பு
எங்கள் சலவைக்கூடத்தில் நடந்ததே இல்லை.
மருத்துவமனை விரிப்புகள் இரவிலும் அழுக்காகும்,
யாராவது ஒருத்தர் எந்திரத்தருகே நின்றாக வேண்டும்.
ஆகஸ்டில் பெரிய எந்திரம் இருமியது,
இரண்டு சுற்று சுற்றியது, நின்றே போனது.
மாற்றுப் பாகம் போலந்திலிருந்து வர வேண்டுமாம்.
அது வழிதவறி எங்காவது சுற்றட்டும் என்று
நான்கு பேரும் மனதார வேண்டிக்கொண்டோம்.

முதல் நாள் ஏரி.
வண்டியோட்டி ஆக்ரிஸ் சலவை வண்டியிலேயே
எங்களைக் கூட்டிப்போனான்,
மடித்த போர்வைகள் கிடக்கும் இடத்தில்
நாங்கள் மடங்கிக் கிடந்தோம்.
தண்ணீர் பல்லைக் கிட்ட வைத்தது.
ஜிந்த்ரா மட்டும் மீன்போலப் போய்
மறுகரையிலிருந்து கையசைத்தாள்.
நாற்பத்தேழு வயதில்
அவளுக்கு நீந்தத் தெரியும் என்று
பதினோரு ஆண்டு பக்கத்தில் நின்று மடித்த எனக்குத் தெரியாது.

இரண்டாம் நாள் காடு.
அவுரிநெல்லி பறிக்கப் போய்
கொசுக்களுக்கு விருந்தானோம்.
வாளியில் விழுந்தது கொஞ்சம், வாயில் விழுந்தது மிச்சம்.
நீலப் பல்லைக் காட்டிச் சிரித்தபடி திரும்பினோம்.
விரலில் ஏறிய கறையைப் பார்த்து
"அறுபது டிகிரி, நீண்ட சுழற்சி" என்றாள் வெல்டா.

மூன்றாம் நாள் ரீகா.
காலை ரயிலில் ஜன்னல் சீட்டுக்குச் சண்டை.
வெல்டா சின்ன நோட்டு வைத்திருந்தாள்,
யார் எதற்குக் கொடுத்தார்கள் என்று
பென்சிலால் எழுதிக்கொண்டே வந்தாள்.
டிராம் டிக்கெட் நான்கு: ஆக்ரிஸ்.
குவாஸ் நான்கு குவளை: ஜிந்த்ரா.
ஐந்தாவது குவளை, ஆக்ரிஸுக்கு மட்டும்: ஆக்ரிஸ்.

ஆகாயக் கப்பல்கள் நின்ற கொட்டகைகளாம்,
இப்போது உள்ளே மீன் விற்கிறார்கள்.
புகைபோட்ட விலாங்கின் விலையைக் கேட்டுவிட்டு
மரியாதையாக ஓரடி பின்வாங்கினோம்.
ஊறுகாய்க்காரி நறுக்கி நீட்டிய வெள்ளரியை
கடைக்குக் கடை ருசி பார்த்ததில்
மதியச் சாப்பாடு முடிந்தது. நோட்டில் எதுவும் ஏறவில்லை.

தேவாலயக் கோபுரத்தில் ஏறக் காசு கேட்டார்கள்.
"கீழிருந்து பார்த்தாலும் அதே கோபுரம்தான்."
என்னவோ, அண்ணாந்து பார்த்ததில் கழுத்துதான் வலித்தது.
கற்கள் பதித்த தெருவில்
ஜிந்த்ராவின் செருப்பு வார் அறுந்தது.
பூக்கடையில் ரிப்பன் வாங்கிக் கட்டிவிட்டேன்,
பாதத்தில் ஒரு பூங்கொத்து நடந்து வந்தது.
ரிப்பன்: ஒரு யூரோ இருபது. என் பெயரில்.

வெயில் எங்களூரில் அபூர்வ விருந்தாளி,
வந்தால் லேசில் விடமாட்டோம்.
தௌகவா ஆற்றுப் படிக்கட்டில்
எல்லோரும் அதை நோக்கி முகத்தைத் திருப்பி உட்கார்ந்திருந்தார்கள்.
நாங்களும் இருந்தோம்.
யாரும் பேசவில்லை, எந்திர இரைச்சலும் இல்லை.
காதுக்குள் ஏதோ தொலைந்ததுபோல இருந்தது,
பிறகு பழகிவிட்டது.

கடைசி ரயிலுக்கு ஓடினோம்.
ரிப்பன் அவிழ்ந்து, வெறுங்காலோடு
ஜிந்த்ராதான் முதலில் ஏறினாள்.

திரும்பும் வழியில் வெல்டா கணக்குப் பார்த்தாள்.
யார் யாருக்கோ கொடுத்து, வாங்கி,
எல்லாம் நேராகி, கடைசியில் ஒன்றே மிச்சம்:
ஜிந்த்ரா எனக்குத் தரவேண்டிய ஒரு யூரோ இருபது.
அவள் பர்ஸைத் திறந்தாள்.
சில்லறை இருந்தது. நானே பார்த்தேன்.
"சில்லறை இல்லையே" என்றாள், மூடினாள்.
"எனக்கும் அவசரமில்லை" என்றேன்.
வெல்டா எங்கள் இருவரையும் பார்த்தாள்,
பென்சிலைக் காதில் செருகினாள்,
அந்த வரியை அடிக்கவில்லை.

திங்கட்கிழமை பாகம் வந்து சேர்ந்தது,
ஒழுங்காக, சரியான முகவரிக்கு.
எந்திரம் சுற்றுகிறது.
அதன் வட்டக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம்
இரவுப் பணியில் ஜிந்த்ரா,
பகல் பணியில் நான்,
வாசலில் எதிர்ப்படும்போதெல்லாம்
"கடன்காரி" என்கிறேன்.
"கொடுத்தால்தானே" என்கிறாள்.