தேர்தல் மாதம்

தேதி அறிவித்த அன்று சாயங்காலமே
ஏட்டு செபஸ்தியானிடமிருந்து போன் வந்துவிடும்:
"வேலாண்டி, மூத்தாளைக் கொண்டாந்து விட்டுருப்பா."
மூத்தாள் என்றால் துப்பாக்கி.
எனக்கு மூன்று வருஷம் முன்பே
இந்த வீட்டில் குடியேறியவள்.
ஒற்றைக்குழல். வாரம் தவறாமல் எண்ணெய்க் குளியல்.

பழைய போர்வையில் சுற்றி
தாண்டிக்குடிக்கு முதல் பஸ்ஸில்
மடியில் படுக்கவைத்துக்கொண்டு போவார்.
தோட்டா? என்று கேட்பார்களாம் ஸ்டேஷனில்.
தீர்ந்துபோச்சு, என்பாராம்.
திரும்பும்போது கையில் ஒரு மஞ்சள் ரசீது.
அது பீரோவில், பூவிழியின் பிறப்புச் சான்றிதழுக்கு மேல்.

பிறகு நாற்பது நாள்
வீட்டில் ஓர் ஆண்பிள்ளை.

குழாய்க்கு வாஷர் மாற்றுவார். மாற்றிய பிறகு
இரண்டு குழாய் ஒழுகும்.
மிளகு காயப்போட்ட பாயைச் சுற்றிச் சுற்றி நடப்பார்.
ரசத்தில் எதுக்கு இவ்வளவு உப்பு என்பார்,
கல்யாணமான பதினோரு வருஷமும் அதே உப்புதான்.
ஒருநாள் பூவிழிக்கு ஜடை பின்னி
தனக்குத் தெரிந்த முடிச்சில் ரிப்பன் கட்டிப் பள்ளிக்கு அனுப்பினார்.
சாயங்காலம் கத்தரிக்கோல் தேவைப்பட்டது.
முயலுக்குப் போடுகிற சுருக்காம்.

ராத்திரி இரண்டு மணிக்கு உலுக்குவார்.
"கேக்குதா?"
"என்ன?"
"மிளா. ஓடைக்கு அந்தப் பக்கம்."
எனக்குக் கேட்டது பிரிட்ஜ் ஓடுகிற சத்தம்.

நான் வந்த முதல் மழைக்காலத்தில்
ஒரு பன்றித் தொடையை
வாழையிலையில் கட்டித் தோளில் தூக்கிவந்தார்.
கதவைச் சாத்தினேன். தொடமாட்டேன் என்று அழுதேன்.
பச்சை மிளகு அரைத்து வதக்கினேன்.
பொய் எதற்கு,
இரண்டாம் முறையும் சோறு போட்டுக்கொண்டேன்.

பூவிழி பிறந்த இரவில் இவர் காட்டில்.
டவர் இல்லை.
எதிர்வீட்டு ரோசம்மாதான் காய்கறி ஜீப்பை மறித்து
என்னை வத்தலக்குண்டில் கொண்டுபோய்ச் சேர்த்தாள்.
வளைவுக்கு வளைவு இவர் பேரைச் சொல்லித் திட்டிக்கொண்டே
மலை இறங்கினேன்.
மறுநாள் மத்தியானம் வந்தார்,
கால் முழுக்க அட்டைக்கடி, கையில் ஒரு தேனடை.
அதை மன்னித்துவிட்டதாகச் சொல்லியிருக்கிறேன்.
சொல்வது வேறு.

ஆனால் துணி துவைப்பவள் நான்.
காக்கிக் கால்சட்டைப் பையில் ஐந்து தோட்டா.
எடுத்து ஜன்னலில் வைப்பேன்,
துணி காய்ந்ததும் திரும்பப் போடுவேன்.
அதே ஐந்து.
ஒன்றின் சிவப்பு பிளாஸ்டிக்கில்
பூவிழி பல் முளைக்கும்போது கடித்த தடம்.
நான் அலறினேன், அவர் பிடுங்கினார், அவள் சிரித்தாள்.
அவளுக்கு இப்போது ஒன்பது வயது.

மங்களங்கொம்பு டீக்கடையில் கதை இன்னும் ஓடுகிறது:
போன வாரம் விழுந்த ஒற்றைப்பன்றி எழுபது கிலோவாம்.
எந்த வாரமும் எதுவும் விழவில்லை.
விடிகிறவரை அங்கே என்னதான் செய்கிறார்?
பனியில் ஒரு பாறைமேல் சும்மா உட்கார
இத்தனை வேஷமா?
இன்னொருத்தி இருந்திருந்தால்கூடக்
கேட்டிருப்பேன்.

ஓட்டு எண்ணி நாலு நாள் ஆயிற்று.
யார் ஜெயித்தது என்று இவர் விசாரிக்கவில்லை.
நாளைக்குப் போறேன் என்கிறார், தினமும்.
சேப்பங்கிழங்குப் பாத்தியைப் பன்றி உழுதுவிட்டது.
மூன்றாவது குழாயும் ஒழுகுகிறது.

இன்று நானே எழுப்பிவிட்டேன், முதல் பஸ்ஸுக்கு.
சட்டைப்பையில் ரசீதைச் சொருகி,
பிஸ்கட் பொட்டலம் ஒன்று கொடுத்து,
வாசல்வரை போய் நின்றேன்.
பஸ் திரும்புகிற சத்தம் கேட்டபின்
காக்கிக் கால்சட்டையில் நாலு தோட்டா போட்டு
மடித்து வைத்தேன்.
பல்தடம் உள்ளது கடுகு டப்பாவில்.

ராத்திரி கிளம்பும்போது எண்ணிப் பார்ப்பார்.
கேட்கட்டும்.
சுட்டுட்டீங்கன்னுல்ல நெனச்சேன்,
என்பேன்.