பதினோராம் தீர்மானம்

மார்ச் மாதத்து முதல் செவ்வாய்.
வெர்மான்ட் மலையில் பனி இன்னும் விடவில்லை,
மண்சாலைதான் அதற்குள் கூழாகிவிட்டது.
பள்ளிக்கூடத்து உடற்பயிற்சி அறை வாசலில்
நூறு ஜோடி சேற்றுக் காலணிகள்.
நான் ஊர்மன்றத்து எழுத்தர்.
யார் முன்மொழிந்தார், யார் வழிமொழிந்தார்,
எத்தனை கை உயர்ந்தது,
என் குறிப்பேட்டுக்கு அவ்வளவுதான் பசி.

ஆறு மணிக்கே வந்துவிட்டார் டெல்பின் லாரோஷ்.
அவைத்தலைவருக்கென்று மேடையில் போட்ட நாற்காலியைத்
தானே தூக்கித் தரைக்குக் கொண்டுவந்தார்.
இரண்டு காப்பிக் கொதிகலன்களில் ஒன்றைச்
சமையலறைக்குத் திருப்பி அனுப்பினார்.
"ஒன்று போதும். வரிசையில் நிற்கட்டும்."
சிக்கனம் என்று நினைத்தேன்.

ஒன்பதரை மணிக்கு அந்த வரிசையில்
முன்னும் பின்னுமாக
அல்வா ஸ்டெபின்ஸ், ராய்ஸ் கட்டிங்.
ஒருவர் மேட்டுத் தண்ணீர்
மற்றவர் கொட்டகைக்குள் புகுந்த நாளிலிருந்து
மூன்று வருடமாகப் பேச்சில்லை.
இன்றும் பேசவில்லை.
பால் குவளையை ஒருவர் நகர்த்தினார்,
மற்றவர் எடுத்துக்கொண்டார்.

பத்துத் தீர்மானங்கள் வழுக்கிக்கொண்டு போயின.
பதினொன்று:
மேப்பிள் சரிவுச் சாலையின் அடியில்
புதிய மதகுக்குழாய், முப்பத்தெட்டாயிரம் டாலர்.

அல்வா எழுந்து ராய்ஸ் பக்கம் திரும்பினார்.
"இந்த ஆளுடைய தண்ணீருக்கு என் வரிப்பணமா..."
"என்னைப் பார்த்து, அல்வா."
குரல் உயரவில்லை, தாழ்ந்தது.
கேட்பதற்காக அறையே கொஞ்சம் முன்னால் குனிந்தது.
"இவன் வாயைத் திறந்தால் பொய்..."
"என்னைப் பார்த்து. தண்ணீரைப் பற்றி."

பார்த்தார்.
ராய்ஸுக்காகத் தீட்டி வைத்திருந்த சொற்கள்
டெல்பின் முகத்துக்குப் பொருந்தவில்லை.
தொண்டையைச் செருமினார்.
பிறகு தண்ணீரைப் பற்றியே பேசினார்:
எந்த இரவு, எத்தனை அங்குலம்,
அழுகிப்போன வைக்கோல் எத்தனை கட்டு,
எந்தக் கன்றுக்குக் குளிர் கண்டது.
அந்தக் கன்றைப் பற்றி
ராய்ஸ் அன்றுதான் கேள்விப்பட்டார்.

கடைசி வரிசையில் ஒரு கை
பாதி உயர்ந்து மடங்கியது.
மேரன். ஊருக்கு வந்து எட்டு மாதம்,
தீவனக்கடை மாடியில் வாடகை.
"நிலம் வைத்திருப்பவர்கள் பேசி முடிக்கட்டுமே" என்றது ஒரு குரல்.
சிரித்தார்கள்.
டெல்பினின் உதட்டோரமும் அசைந்தது, நான் பார்த்தேன்.

பேனாவைக் கீழே வைத்தார்.
"நானும் சிரித்துவிட்டேன். சிரித்திருக்கக் கூடாது.
மேரன், உங்கள் முறை."
அந்தக் குரல் யாருடையது என்று அவர் தேடவில்லை.
அது தன் காலணியைத்
தானே குனிந்து பார்த்துக்கொண்டது.

மேரன் கேட்டது ஒரே கேள்வி:
"குழாயின் வாய் எவ்வளவு அகலம்?"

காகிதங்கள் புரண்டன.
பதினெட்டு அங்குலம்.
"பழையது?"
சாலைக் கண்காணிப்பாளர் தொப்பியைக் கழற்றித்
தலையைச் சொறிந்தார்.
பதினெட்டு.
மூன்று வருடம் சண்டையிட்ட ஊர்
அளவை மட்டும் கேட்டிருக்கவில்லை.

குறிப்பேட்டில் உள்ளது இவ்வளவே:
முப்பது அங்குலமாகத் திருத்தம், நாற்பத்தைந்தாயிரம்.
ஆதரவு எண்பத்தொன்று, எதிர்ப்பு இருபத்தாறு.
அல்வா எதிர்த்துத்தான் கை தூக்கினார்,
விடைபெறாமல் போனார்.
மேரனிடம் மட்டும் நான் போய்
பெயருக்கு எழுத்துக்கூட்டிச் சொல்லச் சொன்னேன்.
எட்டு மாதமாகத் தப்பாக எழுதியிருக்கிறேன்.

அடுத்த ஏப்ரலில் இரவெல்லாம் மழை.
காலையில் மேப்பிள் சரிவில் வண்டியை நிறுத்தி இறங்கினேன்.
சாலைக்கு மேலே ஒன்றும் நடக்கவில்லை.
கட்டிங் வீட்டு நாய் குறுக்கே நடந்து போனது,
கால் நனையாமல்.
அடியில்
அவ்வளவு தண்ணீரும்
இரைந்துகொண்டு போய்க்கொண்டிருந்தது.