எட்டிலொரு பங்கு

உறுதியில் காணிக்குப் பெயர் சங்குக்கலட்டி.
இரண்டு பரப்பு ஏழு குழி.
கிழக்கே சிதம்பரி மகள் நாகமுத்து காணி,
தெற்கே ஒழுங்கை,
மேற்கே மடத்துக்குத் தருமம் விட்ட நிலம்,
வடக்கே கடல்.
வடக்கு எல்லைக்காரரிடம் சம்மதம் கேட்கத் தேவையில்லை
என்றார் நொத்தாரிசு.
பகிடி என்று பிறகுதான் விளங்கியது.

காங்கேசன்துறை.
தண்டவாளம் இதற்கு மேல் போகாது.
வந்தவர்கள் எல்லாரும் இறங்கித்தான் ஆகவேண்டும்:
கீரிமலைக்குக் குளிக்க வருகிறவர்கள்,
கொழும்பிலிருந்து கடலோடு படம் எடுக்க வருகிறவர்கள்,
வங்கிக் கடனோடு நான்.

புரோக்கர் அமிர்தநாதர் வீட்டைக் காட்டவில்லை,
காற்றைத்தான் காட்டினார்.
"இந்தக் காத்துக்கு ஹொட்டல்காரன்
ஒரு ராவுக்குப் பதினெண்ணாயிரம் வாங்கிறான், பிள்ளை.
உமக்குச் சும்மா."
சும்மா வந்த காற்று
முதல் மாதம் கேற்றின் பிணைச்சலைத் தின்றது.
அடுத்த மாதம் சைக்கிள் செயின்.
பிரிட்ஜின் முதுகை இப்போது மெல்ல நக்குகிறது.

விற்றவர் ஸ்காபரோவில்.
அற்றோணித் தத்துவத்தில் அவருடைய கையெழுத்து
குளிரில் ஒடுங்கிப் படுத்திருந்தது.
தொலைபேசியில் ஒன்றுதான் கேட்டார்:
"குசினி யன்னலால கப்பல் தெரியுதோ?"
யன்னல் இருந்த இடத்தில் ஓட்டை.
ஓட்டையால் கப்பல் தெரிந்தது.
தெரியுது என்றேன்.
அதற்காக விலையைக் குறைக்கவில்லை மனிதர்.
கூட்டவும் இல்லை.

கணவர் பெயர்?
நொத்தாரிசின் பேனை நின்றது.
இல்லை என்றேன்.
"அப்ப ஒரு கையெழுத்து மிச்சம்."
நாற்பத்தாறு வயதில் முதல் தடவையாக
யாரோ அதை மிச்சம் என்று சொன்னார்கள்.
அருமைத்துரை மகள் சுகந்தினி
என்று நான் மட்டும் எழுதினேன்.
பெருவிரல் மை காய இரண்டு நாள் எடுத்தது.

ஓடு இல்லை, நிலை இல்லை.
அறைச் சுவரில் கரிக்கோடுகள்,
ஐந்தைந்தாய்க் குறுக்கே வெட்டி.
லீவுக்கு நாள் எண்ணியிருக்கிறான் எவனோ ஒரு சிப்பாய்;
முப்பத்தொன்றோடு நிற்கிறது.
"இதுக்கு மேலயும் அடிக்கவோ அக்கா?"
பெயின்ற் வாளியோடு றொபின்சன்.
அடி என்றேன். இரண்டு கோற்.
மார்கழி மழையில் பதினேழு கோடுகள் திரும்பி வந்தன.
பின்வளவில் அவர்கள் பூட்டிய குழாய்,
வீட்டில் ஒழுகாத குழாய் அது ஒன்றுதான்.
மாற்றவில்லை.

உறுதியின் கடைசி வரியை
வாங்கிய பிறகுதான் ஆறுதலாக வாசித்தேன்:
கிணற்றிலும் வழியிலும் வாய்க்காலிலும் எட்டிலொரு பங்கு.
கிணறு என் வேலிக்குள்.
மற்ற ஏழும் ரொறன்ரோவில் மூன்று,
பாரிசில் ஒன்று, பேர்ணில் ஒன்று,
இரண்டு வெறும் பெயர்கள்.

தை மாதம் பேர்ண் வந்தது, ரயிலால்.
தலைமேல் கூலிங் கிளாஸ்,
விரலில் ஹொட்டல் அறைத் திறப்பு.
"எங்கட கிணத்தைப் பாக்கலாமோ?"
எங்கட.
வாளியைக் கொடுத்தேன்.
கயிறு அவளுக்கு வழங்கவில்லை;
மூன்றாம் தடவை அரை வாளி வந்தது.
ஒரு மிடறு. முகம் சுருங்கியது.
"உப்பு."
"ஓம்."
"அம்மா இனிப்பெண்டு சொன்னவ."
ஹொட்டல் பக்கம் மோட்டர் இரைந்துகொண்டிருந்தது,
நீச்சல் குளத்துக்கு.
இருவரும் கேட்டோம்.
மிச்சத் தண்ணீரை அவள் நிலத்தில் கொட்டவில்லை,
கிணற்றுக்குள்ளேயே திருப்பி ஊற்றினாள்,
கணக்குப் பிழைக்கக் கூடாது என்பதுபோல.
தேத்தண்ணி குடிக்காமல் போய்விட்டாள்.

அன்றிரவு குளிக்கும்போது வாளிகளை எண்ணினேன்.
முதலாவது எனது.
பிறகு அள்ளியதெல்லாம் கடன்,
வங்கிக்குத் தெரியாத கடன்.
எட்டு வாளி ஊற்றியும்
சவர்க்காரம் நுரைக்கவில்லை.
ஒன்பதாவதையும் அள்ளினேன்.