கத்தி போற இடம்

கஸ்தூரியார் வீதிக் கடையில்
மூன்று தட்டுக் கேக்.
"எல்லாம் ரெஜிபோம் தங்கச்சி,
கத்தி போற இடத்தில மட்டுந்தான் கேக்"
என்றா புளோரன்ஸ் அக்கா,
ஒளிக்க எதுவுமில்லாத குரலில்.

உச்சிக்கு வைக்கப் பொம்மைச் சோடிகள்.
மாப்பிள்ளைகள் எல்லாரும் நெட்டை.
பொம்பிளைகள் அவர்களின் தோளுக்குக் கீழே
அண்ணாந்தபடி.
நான் யூஜினைவிட நாலு விரல் கூட.
அவர் விலைப்பட்டியலை
இரண்டாந்தரம் வாசித்தார்.

ஒட்டாத சோடி கேட்டேன்.
பெட்டியின் அடியில் கிடந்தது ஒன்று.
அதிலும் அவன்தான் உயரம்.
பொம்பிளையைத் தூக்கி
ஐசிங் ரோசாவில் நிறுத்தினார் யூஜின்.
"இப்ப சரி."

"சரிஞ்சிடுவா தம்பி."

"பக்கத்திலதானே நிக்கிறான்."

பிறகு
கேக் துண்டுப் பெட்டிக்கு நிறம் கேட்டா.
என்ன சொன்னேனோ,
ஊதாவில் வந்திருக்கிறது
முந்நூறு பெட்டி.